தலைவர் ஜன்னலில் உதிக்கும் சூரியன்

மாமியார் தட்டைத் தள்ளி வைத்ததும் மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தை, சுகர் மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்போ சாப்பிடுங்க."

"இன்னிக்கு ஏகாதசி, மாப்பிள்ளை."

"ஏகாதசி போன வாரமே வந்துட்டுப் போயிடுச்சே! பச்சத் தண்ணிகூடக் குடிக்காம கிடந்தீங்களே!"

"அது இந்த வருஷத்து ஏகாதசி. இது போன வருஷத்துது."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் ஏழு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து நின்றபடி, 'எனக்கும் புரியலை' என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள்.

அவர் எரிந்துபோன மின்விசிறிகளுக்கும் மோட்டார்களுக்கும் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவர். மனைவி வீட்டோடு வந்து குடியேறியவர் என்பதால், மாமியார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தெரு முழுக்க அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. காய்கறிக்காரர்கூட, "மாப்பிள்ளை, என் மோட்டார் என்னாச்சு?" என்றுதான் கேட்பார். நாள் முழுக்க வார்னிஷ் நெடியில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு ஊர் விவகாரம் எல்லாம் கடைசியாகத்தான் எட்டும். விரத நாள் நிர்ணய வாரியத்தின் புது உத்தரவும் அப்படித்தான், மாமியாரின் தட்டு வழியாக வந்து சேர்ந்தது.

வாரியத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எந்த நாள் ஏகாதசி, எந்த நாள் சஷ்டி, பிரதோஷம் என்றைக்கு, கிருத்திகை என்றைக்கு என்று ஊருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. பொழுது விடியும்போது எந்தத் திதி இருக்கிறதோ, அதுவே அன்றைய திதி. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் பொழுது எப்போது விடிகிறது? அதை ஆளாளுக்குப் பார்த்துச் சொல்ல விட்டால் நாடு தாங்குமா? ஆகவே வாரியம் ஒரு விதி செய்திருந்தது. தலைவர் அறையின் ஜன்னலில் சூரியன் தெரிவதே சூரிய உதயம். வேறு எங்கே தெரிந்தாலும் அது வெறும் வெளிச்சம்.

போன வருஷம் அந்த ஜன்னலுக்கு எதிரே ஒரு பெரிய துணிக்கடை எழுந்தது. மாடிமேல் மாடியாக வளர்ந்தது. சூரியன் பாவம், துணிக்கடையின் மொட்டை மாடியை ஏறித் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு தலைவர் ஜன்னலுக்கு வந்து சேர்வதற்குள் தெருவில் கடைகள் திறந்து, முதல் வியாபாரமும் முடிந்திருக்கும். அதுவரை வாரியத்தைப் பொறுத்தவரை இரவுதான். அதற்குள் பல நாள் பழைய திதி முடிந்து புதுத் திதி பிறந்துவிடும். ஆக, நாளைய ஏகாதசி இன்றைக்கே வந்தது. சஷ்டியும் முந்திக்கொண்டது. ஊரில் கண் உள்ளவர்கள் எல்லோருக்கும் பொழுது எப்போது விடிந்தது என்று தெரிந்துதான் இருந்தது. ஆனால் வாரியம் சொன்ன பிறகு கண்ணை நம்புவது மரியாதை இல்லையே!

இந்த வருஷம் தலைவர் காற்றோட்டத்துக்காக மேல்மாடிக்கு அறை மாறினார். மாறிய மறுநாளே சூரியன் கண்ணில் குத்தியது. வாரியம் அதிர்ந்துபோனது. முதலில் சூரியன் மீதுதான் சந்தேகப்பட்டார்கள். அவசரக் கூட்டம் போட்டு, அது ஏன் இப்படிப் பதறிக்கொண்டு வருகிறது என்று விவாதித்தார்கள். பிறகுதான் யாரோ துணிக்கடையைக் கவனித்தார்கள்.

முடிவு இதுதான். போன வருஷத்து விரதம் எதுவும் செல்லாது. நாளைத் தப்பாகக் குறித்தது வாரியம்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தப்பான நாளில் பட்டினி கிடந்தது யார்? மக்கள்தானே? ஆகவே மக்கள் அத்தனை விரதத்தையும் இந்த வருஷம் முடிவதற்குள் மறுபடி இருந்து தீர்க்க வேண்டும். இந்த வருஷத்து விரதம் தனி.

"அப்படின்னா ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினியா?" என்றார் மாப்பிள்ளை.

"சில வாரம் தினமும் வரும்" என்றார் மாமியார், வெயில் அடிக்கும் என்று சொல்வதுபோல.

"நீங்க இருக்க வேண்டாம் அத்தை. உங்க உடம்புக்கு..."

"மாப்பிள்ளை." மாமியார் குரல் இறங்கியது. "இவளுக்கு எத்தனை வருஷமா வயிறு திறக்கலை? நான் போன வருஷம் முச்சூடும் எதுக்கு இருந்தேன்? அந்த விரதத்து மேலதான் இந்தப் பிள்ளை நிக்குது. அது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. இப்போ இது எது மேல நிக்குது, சொல்லுங்க?"

மகள் தன்னையறியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை மாப்பிள்ளை டாக்டரிடம் ஓடினார். டாக்டர் பேனாவை மேஜைமேல் எறிந்தார். "மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சர்க்கரை மளமளன்னு இறங்கும். மயக்கம் வரும். பக்கத்துல ஆள் இல்லைன்னா அப்படியே போயிடுவாங்க. விளையாட்டு இல்லை."

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க டாக்டர். வாரியம் சாப்பிடச் சொன்னா சாப்பிடுவாங்க."

"அப்போ வாரியத்தைச் சொல்லச் சொல்லுங்க. ஒரு வார்த்தைதானே?"

ஒரு வார்த்தைதான். அதை வாங்கி வரத்தான் மறுநாள் மாப்பிள்ளை கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

வாரியத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று வாக்கியப் பஞ்சாங்கப் பிரிவுக்கு, மற்றொன்று திருக்கணிதப் பஞ்சாங்கப் பிரிவுக்கு. இரண்டு பிரிவுக்காரர்களும் ஒரே படியில் ஏறினால் தீட்டு இல்லை, அடிதடி. வாக்கியம் ஒரு நாளைச் சொன்னால் திருக்கணிதம் மறுநாளைச் சொல்லும். தலைவர் நடுநிலைமையானவர். இரண்டு நாளும் இருக்கச் சொல்லிவிடுவார்.

விசாரணை ஜன்னலில் இருந்த அம்மாள் நிமிராமல் கேட்டார். "வாக்கியமா, திருக்கணிதமா?"

"மோட்டாருக்குக் காயில் கட்றவன்மா."

"எந்தப் பக்கத்து ஆளுன்னு கேட்டேன்."

"எங்க மாமியார் பக்கம். அவங்களுக்கு உடம்பு முடியலை, விரதத்துல இருந்து விலக்கு வேணும்."

அந்த அம்மாள் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீளமான நடையின் கோடியில் இருந்த விலக்கு அதிகாரியின் அறையைக் கைகாட்டினார்.

விலக்கு அதிகாரி ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையில், சுத்தமாக இருந்தார். மாப்பிள்ளை சொன்னதை எல்லாம் தலையசைத்துக் கேட்டார். அவ்வளவு கனிவாகத் தலையசைத்ததில் மாப்பிள்ளைக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

"நோயாளிக்கு விலக்கு கண்டிப்பா உண்டு" என்றார் அதிகாரி. "நாங்க என்ன ராட்சசங்களா?"

"ரொம்ப நன்றி சார்."

"நோயாளிதானான்னு தெரியணும், அவ்வளவுதான்."

"டாக்டர்கிட்ட வேணா பேசுறீங்களா?"

"டாக்டருக்கு விரதத்தைப் பத்தி என்ன தெரியும்? நாங்களே பார்த்துத் தெரிஞ்சுக்குவோம். விரத நாள் அன்னிக்கு, விரதத்தோட, நேர்ல வரணும். எங்க முன்னால மயங்கி விழணும். விழுந்தா நோயாளி. அடுத்த விரதத்துல இருந்து விலக்கு."

"விழலைன்னா?"

"ஆரோக்கியம்! சந்தோஷமா விரதம் இருக்கலாமே."

"சார், விழுந்தா அவங்க செத்துடுவாங்கன்னு டாக்டர் சொல்றாரு."

அதிகாரி யோசித்தார். "செத்தவங்களுக்கு விலக்கு தானா வந்துடும். அதுக்குத் தனியா கேக்க வேண்டியதில்லை."

மாப்பிள்ளைக்குத் தன் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது. மோட்டார் ஓசையிலேயே இருந்து காது கெட்டுப்போய்விட்டதோ? அதிகாரி இரக்கப்பட்டு, "வேணும்னா தலைவரைப் பாருங்க. அவர் மனசு வெண்ணெய்" என்று மாடிக்கு அனுப்பினார்.

தலைவர் அறையில் நுழைந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுக்குத் தூக்கு முழுவதும் பிரித்து மேஜைமேல் பரப்பியிருந்தது. நெய் மணம் அறைக் கதவுக்கு வெளியேயே ஆளை நிறுத்தியது. அன்று மறு பிரதோஷம் என்று கீழே பலகையில்தானே எழுதியிருந்தது? மாப்பிள்ளையின் பார்வை போன இடத்தைத் தலைவர் கவனித்துவிட்டார். கவனித்து, கொஞ்சமும் பதறாமல் இன்னொரு கரண்டி பரிமாறிக்கொண்டார்.

"பாக்கறீங்க. பாருங்க. எல்லாரும் பாக்கணும்னுதான் கதவைத் திறந்து வெச்சுச் சாப்பிடறேன். நாளைக் குறிக்கிறவனுக்கு நாள் கிடையாது, தெரியுமா? நான் பட்டினி கிடந்து, கண் இருட்டி, ஏகாதசியை துவாதசின்னு குறிச்சிட்டா என்னாகும்? ஊரே கெட்டுப் போயிடும். அதுக்காகச் சாப்பிடறேன். ருசிக்கா சாப்பிடறேன்? கேளுங்க இவனை" என்று தண்ணீர் எடுத்து வந்த பணியாளைக் காட்டினார். பணியாள் சுவரைப் பார்த்தான். "ஒருநாள் ஆசையா சாப்பிட்டிருப்பேனா? கடமைக்குச் சாப்பிடறேன். நீங்கள்லாம் பட்டினி கிடக்கிறீங்க, சுகமா. முழுங்குற கஷ்டம் எனக்குத்தான்."

"சார், எங்க மாமியாருக்கு சர்க்கரை..."

"எனக்கும்தான் சர்க்கரை! அதனாலதான் நேரத்துக்குச் சாப்பிடறேன்."

"அதேதான் சார் நானும் கேக்கறேன். அவங்களையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை..."

தலைவரின் கை நின்றது. முகத்தில் நிஜமான வருத்தம் படர்ந்தது. "தம்பி, நீங்க நல்லவரா தெரியறீங்க. மனசு விட்டுச் சொல்றேன். ஒருத்தரைச் சாப்பிடச் சொல்றதுக்கு இந்த வாரியம் எதுக்கு? அதை அவங்கவங்க வயிறே சொல்லிடும். பசியை மீறி ஒருத்தர் நம்ம பேச்சைக் கேக்கறாங்க பாருங்க, அங்கதான் வாரியம் இருக்கு. இன்னிக்கு உங்க மாமியாரைச் சாப்பிடுங்கன்னு சொல்லிட்டா, நாளைக்கு ஊர்ல யாருக்குத்தான் ஏதோ ஒரு நோய் இல்லை? எல்லாரும் சாப்பிட்டா நான் எந்த நாளைக் குறிச்சு என்ன ஆகப் போகுது?"

மோர் ஊற்றிக்கொண்டார். சந்திப்பு முடிந்தது என்று பணியாள் வந்து தோளைத் தொட்டான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார் மாப்பிள்ளை. தலைவர் சாப்பிட்டதைச் சொன்னால் மாமியாருக்கு உறைக்கும் என்று நினைத்தார். மாமியார், "பாவம், கடமைக்காக எவ்வளவு பாவத்தைச் சுமக்கறார்!" என்றார்.

பிறகு, "நானே நேர்ல போறேன் மாப்பிள்ளை. நாளைக்கு சஷ்டி பாக்கி. பெரியவங்க முகத்தைப் பார்த்துக் கேக்கறேன். வேண்டாம்னு சொன்னா, சத்தியமா அப்பவே சாப்பிடறேன்" என்றார்.

"மாத்திரையாவது போடாம வாங்க."

"டாக்டர் சொன்னதை மீறலாமா?" என்றார் மாமியார்.

மறுநாள் மாப்பிள்ளை சட்டைப்பையில் குளுக்கோஸ் பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டு அவரைக் கூட்டிப்போனார். மகளும் கூடவே வந்தாள். வரவேண்டாம் என்று சொன்னதற்கு, "அவங்க எங்க அம்மா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

விலக்கு அதிகாரி மாமியாரைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். எதிரே நாற்காலி போடச் சொன்னவர், நாற்காலி வந்ததும் தடுத்தார். "உக்காந்துட்டா விழறது கஷ்டம்மா. நில்லுங்க."

மாமியார் நின்றார். அதிகாரி பார்த்தார். பக்கத்து அறைகளில் இருந்து வாக்கியக்காரர் ஒருவரும் திருக்கணிதக்காரர் ஒருவரும் சாட்சிக்கு வந்து பார்த்தார்கள். மாமியாரின் நெற்றியில் வியர்வை பொடித்தது. கை நடுங்க ஆரம்பித்தது.

"நடுங்குது சார்!" என்றார் மாப்பிள்ளை.

"நடுக்கம் வேற, மயக்கம் வேற" என்றார் வாக்கியக்காரர்.

"நடுக்கமே இல்லைங்கறேன். இது குளிர்" என்றார் திருக்கணிதக்காரர்.

"எதுல குளிர்? வெளியில வெயில் கொளுத்துது."

"உங்க கணக்குப்படி கொளுத்தும்."

இருவரும் கோடை எப்போது பிறந்தது என்ற பழைய சண்டையில் இறங்கினார்கள். அதற்குள் உணவு இடைவேளைக்கு மணி அடித்தது. அதிகாரி கைக்குட்டையை உதறி எழுந்தார். "சாப்பிட்டுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் விழுந்துடாதீங்கம்மா. ஆள் இல்லாத நேரத்துல விழுந்தா செல்லாது."

மாமியார் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் மாப்பிள்ளையால் பிறகு எந்நாளும் மறக்க முடியவில்லை. விழாமல் இருக்க மாமியார் தன்னால் ஆனமட்டும் முயன்றார். சுவரைப் பிடித்தார், மகளின் தோளைப் பிடித்தார், "காத்து வேணும், வெளியில கூட்டிட்டுப் போங்க" என்றார். வாசல்படியில் கால் வைத்ததும், சீலையை உருவிப் போட்டதுபோல அப்படியே ரோட்டில் சரிந்தார். பிஸ்கட்டை வாயில் வைத்தால் பல் திறக்கவில்லை.

மாப்பிள்ளை கத்தினார். யாரும் வரவில்லை. சாப்பாட்டு நேரம். சாட்சிக்காரர்களில் ஒருவர் மட்டும் ஏப்பம் விட்டபடி எட்டிப் பார்த்து, "படி வரைக்கும்தான் எங்க இடம். ஆளு ரோட்டுல கிடக்குது" என்றார்.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார்கள். கையில் ஊசி ஏற்றி, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். மாலையில் மாமியார் கண் விழித்தார். விழித்ததும் முதல் கேள்வி:

"விழுந்தது செல்லுமா?"

மாப்பிள்ளையின் கடையில் ஒரு மோட்டார் எரிவதற்கு முன்னால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே சூடாகிக்கொண்டு போகும். அப்படித்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் விலக்கு அதிகாரி வார்டுக்குள் வந்தார். கையில் ஆப்பிள் பை இல்லை, வெறும் கனிவு. "தகவல் கேட்டு மனசு கேக்கலை. ஓடி வந்தேன். உங்க உறுதியை எங்க ஆபீஸே பாராட்டுது. ஆனா அது ரோட்டுல நடந்ததால எங்களால கணக்குல எடுத்துக்க முடியலை" என்றவர், தலைக்கு மேலே பார்த்து நின்றார். "இது என்ன?"

"குளுக்கோஸ்" என்றார் நர்ஸ்.

"உணவு!"

"மருந்து சார்."

"சர்க்கரை உணவா, மருந்தா? உள்ள போறது கை வழியாப் போனா என்ன, வாய் வழியாப் போனா என்ன? அம்மா சஷ்டியை முறிச்சிட்டாங்க!" அவர் குரல் துக்கத்தில் உடைந்தது. "அந்தி சாயற வரைக்குமாவது நிறுத்தி வைங்க. நான் வேணா மேலே பேசிப் பாதியாவது..."

சொல்லிக்கொண்டே பாட்டில் குழாயில் இருந்த திருகின்மேல் கை வைத்தார். மாப்பிள்ளை எழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார். செம்புக் கம்பியை இழுத்து இழுத்துக் காய்த்த கை.

"இன்னொரு தடவை அதுல கை வெச்சீங்கன்னா," மாப்பிள்ளை மெதுவாகத்தான் சொன்னார், "உங்களுக்கும் பக்கத்துக் கட்டில்ல ஒரு பாட்டில் மாட்ட வேண்டி வரும்."

அதிகாரி கையைத் தடவிக்கொண்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்படும் அளவுக்கு அவர் கீழ்நிலை ஊழியர் அல்ல. "உங்க வருத்தம் புரியுது. அம்மாவால இனிமே முடியாதுங்கறீங்க. நியாயம். அதுக்கும் வழி இருக்கு. பாக்கி விரதம் வாரிசுக்குப் போகும்."

"யாருக்கு?" என்றாள் மகள்.

"மக நீங்கதானே?"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தாள். "சரி, நான் இருக்கேன். அம்மா நிம்மதியா இருந்தாப் போதும்" என்றாள்.

"ஏய், உனக்கு என்ன பைத்தியமா?" என்று மாப்பிள்ளை அலறினார்.

"ரொம்ப நல்ல முடிவு" என்றார் அதிகாரி, முகம் மலர்ந்து. "இதுல ஒரு சலுகைகூட இருக்கு. சாதாரணமா நாங்க சொல்றதில்லை, உங்களுக்காகச் சொல்றேன். வயித்துல இருக்கறதும் சேர்ந்துதானே பட்டினி கிடக்கும்? அதையும் ஒரு ஆளாச் சேர்த்துக்குவோம். ஒருநாள் இருந்தா ரெண்டு விரதம் கழியும். பிரசவத்துக்கு முன்னாலயே பாக்கி முழுக்க முடிஞ்சிடும்!"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இருமலை அடக்கிக்கொண்டார்.

மாமியார் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். ஊசி குத்திய கை துவண்டு கிடந்தது. மற்றக் கையை நீட்டி மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே பிள்ளை உதைத்திருக்க வேண்டும். அவர் கை ஒரு முறை துள்ளி அமர்ந்தது. அதிகாரியை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை நாளில் வாரியத்து ஆள் ஒருவரின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது பட்டினி கிடக்கணுமா?" என்றார். "இது?"

"சலுகைதாம்மா..."

"நர்ஸம்மா, சாப்பிட என்ன இருக்கு?"

பாலும் ரொட்டியும் இருந்தன. மாமியார் ரொட்டியைப் பிய்த்துப் பாலில் தோய்த்து முதல் வாயை மகளுக்குத்தான் கொடுத்தார். மகள் தயங்கினாள். "வாயைத் திறடி!" என்றார். மகள் திறந்தாள். அடுத்த வாயைத் தான் போட்டுக்கொண்டார். பால் மோவாயில் வழிந்தது. துடைக்கவில்லை.

"அம்மா, அம்மா, சஷ்டிம்மா!" அதிகாரி பதறினார். "இதை நான் மேலே சொல்லியாகணும். என்னன்னு சொல்வேன்?"

"பசிச்சுது, சாப்பிட்டாள்னு சொல்லு." மாமியார் அவரை ஒருமையில் பேசியதை அவரே கவனிக்கவில்லை. "அந்த முருகனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான். உங்க தலைவரை மட்டும் இந்தப் பக்கம் வரச் சொல்லாதே. வந்தார்னா, இந்தக் கையால சோத்தைப் பிடுங்கிக்கிட்டு விரதம் இருக்கச் சொல்லுவேன். எப்படி இருக்குன்னு அவரும் பாக்கட்டும்."

"அம்மா, பாக்கி..."

"போடா வெளியே!"

அதிகாரி போனார். வாசலில் நின்று திரும்பி ஏதோ சொல்ல வந்தவர், மாப்பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே போனார்.

மாமியார் தட்டை வழித்து முடித்து, மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"இன்னொரு ரொட்டி வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை. ரெண்டா வாங்குங்க. இவளும் நேத்துல இருந்து சரியா சாப்பிடலை."

மாப்பிள்ளை செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை. வெறுங்காலோடு ஓடினார்.